தாய்லாந்துச் சுட்ட கோழியை வீட்டு ஓவனில் செய்வது எப்படி?

தாய்லாந்தில் தெருவோரக் கடையில் சாப்பிட்ட சுட்ட கோழியை வீட்டில் செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுக்கோழியை இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, தேன், பாட்டிலில் வரும் ஸ்வீட் சில்லி சாஸ் ஆகியவற்றில் இரவு முழுவதும் ஊறவைத்து, 220 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்திருக்கிறீர்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மேற்பரப்பு கருகிவிட்டது. வெளியே எடுத்தபோது தொடை எலும்பை ஒட்டிய இடம் சிவந்திருந்தது. நெஞ்சுக்கறி சப்பென்று இருந்தது. இந்த மூன்று குறைகளுக்கும் காரணம் கேட்கிறீர்கள். மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நீங்கள் ஊறவைத்த கலவைக்கும் அந்தக் கடைக்காரர் ஊறவைத்த கலவைக்கும் தொடர்பே இல்லை.

நீங்கள் சாப்பிட்டதன் பெயர் கய் யாங். கய் என்றால் கோழி, யாங் என்றால் தணலில் வாட்டிச் சுடுவது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசான்தான் இதற்குத் தாய்வீடு. அங்கே லாவோ மொழி பேசும் மக்கள் மிகுதி. எல்லைக்கு அப்பால் லாவோஸில் இதே உணவை பிங் கய் என்பார்கள். கோன் கேன் மாகாணத்தின் காவ் சுவான் குவாங், பெச்சபூன் மாகாணத்தின் விச்சியன் புரி ஆகிய ஊர்களின் பெயர்களைத் தாங்கிய கோழிக் கடைகளை நாடு முழுவதும் பார்க்கலாம். சிசகெட் மாகாணத்தின் ஹுவாய் தப் தானில் கோழியை மதன் என்னும் மரத்தின் குச்சிகளில் கவ்வவைத்துச் சுடுகிறார்கள். அந்த மரம் நம்முடைய குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. தணலின் சூட்டில் குச்சியின் புளிப்பு மணம் இறைச்சியில் மெல்ல ஏறுகிறது. இந்த ஊர்களுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு. சிலர் மஞ்சள் சேர்ப்பார்கள், சிலர் எலுமிச்சைப்புல் சேர்ப்பார்கள், சிலர் இரண்டையும் தவிர்ப்பார்கள். அடிப்படை மட்டும் மாறுவதில்லை.

அந்த அடிப்படை மூன்று பொருள்களால் ஆனது: கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு. தாய்லாந்துச் சமையலில் இந்த மூன்றையும் சேர்த்து இடித்த விழுதுக்கு சாம் க்லோ என்று பெயர். மூன்று தோழர்கள் என்று பொருள். உங்கள் கலவையில் பூண்டு மட்டும் இருந்தது, அதுவும் இஞ்சியோடு. கய் யாங்கின் அடிப்படை விழுதில் இஞ்சிக்கு இடமில்லை. இஞ்சியில் இறைச்சியின் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சிறிது நேரம் ஊறினால் அது உதவும். இரவு முழுவதும் ஊறினால் மேற்பரப்பைக் குழையவைத்துவிடும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்: அமிலம் மேற்புறத்துப் புரதத்தை அடுப்பு ஏறுவதற்கு முன்பே இறுக்கி, வெந்தபின் மாவுபோல் ஆக்கிவிடுகிறது. புளிப்பு இந்த உணவுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வரவேண்டிய இடம் தொட்டுக்கொள்ளும் சாறு, ஊறவைக்கும் கலவை அன்று.

கொத்தமல்லி வேரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோழியின் மணம் அங்கேதான் இருக்கிறது. இலைக்கு இல்லாத ஒரு மண்வாசனையும் அழுத்தமும் வேருக்கு உண்டு. இலை சூட்டில் மணம் இழந்துவிடும், வேர் தாங்கி நிற்கும். மேலை நாடுகளில் கொத்தமல்லியை வேரை வெட்டிவிட்டே விற்பதால், அங்கே தாய்லாந்துச் சமையல் செய்பவர்கள் வேருக்காகக் கடை கடையாக அலைகிறார்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு பெரும்பாலும் வேரோடும் மண்ணோடும் வருகிறது. நாமோ அதை அறுத்துக் குப்பையில் போடுகிறோம். இனி போடாதீர்கள். கட்டு வாங்கும்போதெல்லாம் வேரை இரண்டு விரற்கடைத் தண்டோடு நறுக்கி, மண் போகத் தண்ணீரில் ஊறவைத்து, கத்தி முனையால் சுரண்டிக் கழுவி, ஈரம் துடைத்து உறைபெட்டியில் சேர்த்து வையுங்கள். ஒரு கோழிக்கு ஆறேழு வேர்கள் போதும். வேரே கிடைக்காத நாளில் தண்டின் அடிப்பகுதியை இருமடங்கு எடுத்துக்கொள்ளலாம். மணம் ஓரளவு வரும்.

வெள்ளை மிளகு என்பது வேறு செடியின் காய் அன்று. பழுத்த மிளகை நாள்கணக்கில் நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து எடுத்த பருப்புதான் அது. அந்த ஊறலால் அதற்கு ஒரு புளித்த வாசனை சேர்கிறது. கய் யாங்கில் நமக்கு வேண்டியது அதுவே. கறுப்பு மிளகு போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் சுவை நம்மூர் மிளகுக்கறியின் பக்கம் சாய்ந்துவிடும். இங்கே ஒரு சொல்லைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. தாய்லாந்து மொழியில் மிளகாய்க்கு ப்ரிக் என்றும், மிளகுக்கு ப்ரிக் தாய், அதாவது தாய்லாந்து ப்ரிக் என்றும் பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்தபோது அது பழைய காரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. பழையது அடைமொழியோடு நிற்க வேண்டியதாயிற்று. தமிழில் மிளகு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது, வந்த காய்தான் மிளகாய் ஆயிற்று. இரண்டு மொழிகளிலும் பழைய காரம் எது என்பதைச் சொல்லே சொல்கிறது. அந்தப் பழைய காரம்தான் இந்தக் கோழிக்குள் இருக்க வேண்டியது. மிளகாய் வெளியே, தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும்.

இனி உப்பு. நெஞ்சுக்கறி சப்பென்று இருந்ததற்கு நேரடிக் காரணம் இதுதான். ஊறவைக்கும் பொருள்களில் இறைச்சிக்குள் ஆழமாக இறங்கக்கூடியது உப்பு மட்டுமே. பூண்டும் மிளகும் எலுமிச்சைப்புல்லும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. உப்பு இறங்கும்போது தசைப் புரதத்தைத் தளர்த்தி, சூட்டில் நீரை இழக்காமல் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. உங்கள் கலவையில் ஸ்வீட் சில்லி சாஸில் இருந்த சிறிதளவைத் தவிர உப்பே இல்லை. தாய்லாந்தில் இந்த வேலையை ‘நாம் பிளா’ என்னும் மீன் சாஸ் செய்கிறது. நெத்திலி வகைச் சிறுமீனை உப்போடு அடுக்கி ஓராண்டுக்கு மேல் புளிக்கவைத்து வடித்த சாறு அது. பாட்டிலைத் திறந்ததும் வரும் நாற்றத்துக்கு அஞ்ச வேண்டாம்; வெந்தபின் அது இறைச்சியின் சுவையை ஆழமாக்கும், மீன்வாசனை தங்காது. ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் ஏறத்தாழ 4 கிராம் உப்பு இருக்கிறது. 1 கிலோ முதல் 1.2 கிலோ வரை எடையுள்ள கோழிக்கு 2 மேசைக்கரண்டி மீன் சாஸும் 1 மேசைக்கரண்டி இளநிற சோயா சாஸும் சரியான அளவு. இதற்கு மேல் உப்பு போட வேண்டாம்.

கருகியதற்குக் காரணம் இனிப்பு. வெள்ளைச் சர்க்கரை சுமார் 160 டிகிரியில்தான் நிறம் மாறத் தொடங்கும். தேனில் மிகுதியாக இருக்கும் பழச்சர்க்கரையோ 110 டிகிரியிலேயே தொடங்கிவிடும். ஸ்வீட் சில்லி சாஸிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். 220 டிகிரியில் இவை இரண்டும் கோழி வேகும்வரை காத்திருக்குமா? அந்த சாஸுக்கு தாய்லாந்தில் ‘நாம் சிம் கய்’ என்று பெயர், அதாவது கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு. சுட்டபின் தொடுவதற்கென்றே பிறந்தது அது. ஊறவைக்கும் கலவையில் இனிப்பு ஒரு மேசைக்கரண்டி பனைவெல்லத்தோடு நிற்க வேண்டும். தாய்லாந்தின் பெச்சபுரி பனைவெல்லத்துக்குப் பெயர்பெற்ற ஊர்; அங்குள்ள பனை நம் ஊர்ப் பனையேதான். ஆனால் அவர்களுடைய வெல்லம் இளம் பழுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். நம் கருப்பட்டி கறுத்து, புகைச்சுவையோடு இருப்பதால் அதை முக்கால் மேசைக்கரண்டியாகக் குறைத்து, தூளாக்கிப் போடுங்கள்.

கோழியைத் தோலோடு வாங்குங்கள். தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவது வழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தோலும் அதன் அடிக்கொழுப்பும் இல்லாத கோழி இந்தச் சூட்டில் காய்ந்து நாராகிவிடும். எடை 1.2 கிலோவைத் தாண்ட வேண்டாம். முற்றிய நாட்டுக்கோழி குழம்புக்கு நல்லது, இதற்கு ஆகாது. இளங்கோழி கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறைந்த கோழி என்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு முழுநாள் வைத்து உருகவிடுங்கள். குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீர் கிருமியைச் சமையலறை முழுவதும் பரப்பும். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்தது கோழியை விரிப்பது. தாய்லாந்தில் பெரும்பாலும் நெஞ்சுப் பக்கம் பிளந்து புத்தகம்போல் விரித்து, பிளந்த மூங்கிலுக்கு இடையே கவ்வவைத்துக் கட்டுவார்கள். ஓவனில் நான் முதுகெலும்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு, நெஞ்சு மேலே தெரியும்படி விரித்து, நடு எலும்பை உள்ளங்கையால் அழுத்தி முறித்துத் தட்டையாக்குகிறேன்; நெஞ்சுக்கறியின் தோல் முழுதாக இருப்பதால் ஈரம் காக்கப்படுகிறது. எந்தப் பக்கம் பிளந்தாலும் பயன் ஒன்றே. முழுக்கோழியில் தொடை வேகும் முன் நெஞ்சு காய்ந்துவிடும். தட்டையான கோழியில் தொடை சூட்டுக்கு நேராக வந்துவிடுவதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வெந்து முடியும். முதுகெலும்பைத் தூக்கி எறிய வேண்டாம், சூப்புக்கு ஆகும்.

விழுதை அம்மியிலோ கல் உரலிலோ இடியுங்கள். தாய்லாந்து வீடுகளில் விழுது இடிக்கக் கல் உரலும், பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்க மண் உரலும் தனித்தனியாக இருக்கும். சோன்புரி மாகாணத்தின் ஆங் சிலா கருங்கல் உரல்களுக்குப் புகழ்பெற்ற ஊர். முதலில் ஒன்றரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகை உலர்ந்த உரலில் பொடியுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய வேரும், ஓர் எலுமிச்சைப்புல் தண்டின் வெள்ளை அடிப்பகுதியும். அவை நாரின்றி மசிந்தபின் எட்டுப் பத்துப் பல் பூண்டு. கடினமானது முன்னும் நீருள்ளது பின்னுமாகப் போனால்தான் எல்லாம் ஒரே சீராக மசியும். மிக்சியில் அரைப்பதானால் தண்ணீருக்குப் பதில் மீன் சாஸையும் சோயா சாஸையும் ஊற்றி அரையுங்கள். தண்ணீர் சேர்த்தால் விழுது இறைச்சியில் ஒட்டாமல் வழிந்துவிடும். வெல்லத்தையும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயையும் கலந்தால் கலவை தயார். அரத்தை, எலுமிச்சை இலை, துளசி என்று தாய்லாந்தோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் இதில் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அவை வேறு உணவுகளுக்கு உரியவை. இங்கே வந்தால் மூன்று தோழர்களின் குரல் கேட்காது.

தோலை நெஞ்சிலும் தொடையிலும் விரலால் மெல்லத் தளர்த்தி, கலவையில் பாதியைத் தோலுக்கு அடியில் பூசுங்கள். மீதியை எலும்புப் பக்கம் தடவி, தோலின் மேல் மிக மெல்லியதாக மட்டும் தேயுங்கள். தொடைக்கும் காலுக்கும் இடையிலான மூட்டில் எலும்புவரை ஒரு கீறல் போடுங்கள். பாத்திரத்தை மூடி, குளிர்பெட்டியில் 6 முதல் 12 மணி நேரம் வைத்தால் போதுமானது. கடைசி ஒரு மணி நேரம் மூடியை எடுத்துவிட்டால் தோல் உலர்ந்து, ஓவனில் நன்றாகச் சிவக்கும்.

ஓவனில் வைக்குமுன் தோலின் மேல் ஒட்டியிருக்கும் பூண்டுத் துணுக்குகளை வழித்துவிடுங்கள்; முதலில் கருகிக் கசப்பது அவைதான். வீட்டு ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்) அடுப்புகளில் மேற்கம்பி கோழிக்கு மிக அருகில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் கோழி கருகியதில் அந்தக் கம்பிக்கும் பங்கு இருந்திருக்கும். கம்பித்தட்டைக் கீழ் அடுக்கில் பொருத்தி, அதன் அடியில் சிறிது நீர் ஊற்றிய தட்டை வையுங்கள். சொட்டும் கொழுப்பு எரிந்து புகையாமல் அது தடுக்கும். 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் தோல் மேலே இருக்கும்படி 35 நிமிடம் வையுங்கள். நிறம் முந்திக்கொண்டால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்துங்கள். அதன் பிறகு வெப்பத்தை 220 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலில் அரைத் தேக்கரண்டி வெல்லம் கரைத்து, நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டையே தூரிகையாக்கி ஒருமுறை தடவி, 8 முதல் 10 நிமிடம் அருகிலேயே நின்று பாருங்கள். இந்தத் தேங்காய்ப்பால் இசான் வழக்கம் அன்று. பத்தானி, யாலா, நாராதிவாட் ஆகிய தென்கோடி மாகாணங்களின் மலாய் முஸ்லிம் மக்கள் செய்யும் கய் கோலேயில் தேங்காய்ப்பாலும் காய்ந்த மிளகாயும் சேர்ந்த கெட்டிச் சாற்றைச் சுடச்சுடப் பலமுறை பூசுவார்கள். ஓவனின் வறண்ட சூட்டுக்கு அது நல்ல மருந்தாக இருப்பதால் நான் கடன் வாங்கியிருக்கிறேன்.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியின், அதிலும் உறைந்து உருகிய கோழியின், எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறமி, முழுவதும் வெந்தபின்னும் எலும்பருகே சிவப்பாகத் தெரியக்கூடும். உங்கள் கோழியில் இருந்தது வேகாத சிவப்பா இந்தச் சிவப்பா என்பதை இப்போது கூற முடியாது; முக்கால் மணி நேரத்தில் எடுத்த ஒன்றரைக் கிலோ முழுக்கோழி என்பதால் வேகாத சிவப்பாகவே கொள்வது பாதுகாப்பு. இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். எலும்பைத் தொடாமல் குத்திப் பார்க்கும்போது நெஞ்சில் 74 டிகிரியும் தொடையில் 80 டிகிரிக்குக் குறையாமலும் இருந்தால் எடுத்துவிடலாம். தொடைக்கு அந்தக் கூடுதல் சூடு தேவை. அதன் இணைப்புத் திசு இளகுவது அப்போதுதான்.

உண்மையில் நீங்கள் ஓவனில் செய்வதற்குத் தாய்லாந்து மொழியில் யாங் என்ற சொல் பொருந்தாது. மூடிய வெப்பத்தில் வேகவைப்பதை ஓப் என்பார்கள். அந்த வகையிலும் அங்கே ஒரு மரபு இருக்கிறது. ஓங் என்னும் பெரிய தண்ணீர்ச் சாடியின் அடியில் கரியைக் கனியவைத்து, கோழிகளை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு மூடி வேகவைக்கும் கய் ஓப் ஓங் அது. எனவே ஓவனில் செய்வது குறைவான வழி என்று எண்ண வேண்டாம். புகைமணம் கட்டாயம் வேண்டும் என்றால் மொட்டைமாடியில் கும்மட்டி அடுப்பில் மரக்கரி மூட்டி, தணல் சாம்பல் பூத்த பிறகு, கை பொறுக்கும் உயரத்தில் கம்பிவலையை வைத்து, அடிக்கடி திருப்பி முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சுடுங்கள். தீ நாக்கு கோழியைத் தொடவே கூடாது.

கோழி அடுப்பில் இருக்கும்போது, தொட்டுக்கொள்ள ‘நாம் சிம் ஜேவ்’ என்னும் சாற்றைச் செய்துவிடலாம். இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியை வெறும் வாணலியில் சிறு தீயில் பத்து நிமிடத்துக்கு மேல் பொன்னிறமாக வறுத்து ரவைபோல் பொடியுங்கள். இசானில் பசையரிசியை வறுப்பார்கள், நமக்குப் பச்சரிசியே போதும். கெட்டிப் புளிக்கரைசல், மீன் சாஸ் ஆகியவற்றில் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, வெல்லம் ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒன்று, வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் ஒரு தேக்கரண்டி, மெல்லியதாக நறுக்கிய சின்ன வெங்காயம் மூன்று, கொத்தமல்லித் தழை ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். வறுத்த அரிசிப்பொடியில் ஒரு மேசைக்கரண்டியைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் ஊறிக் கூழாகிவிடும். கோழியை ஊறவைத்த கலவையில் மீந்ததை இதில் சேர்த்துவிடாதீர்கள், அது பச்சை இறைச்சி தொட்டது.

வெளியே எடுத்த கோழியைப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கனமான கத்தியால் எலும்போடு குறுக்கே வெட்டிப் பரிமாறுங்கள். பசையரிசி கிடைத்தால் நான்கு மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரில் வேகவிடாமல் இட்லிப் பாத்திரத்தில் துணி விரித்து ஆவியில் 25 நிமிடம் அவியுங்கள். கையால் சிறு உருண்டையாகப் பிடித்து, ஜேவில் தோய்த்த கோழித்துண்டோடு சேர்த்து உண்பதே அந்த ஊர் முறை. மறுநாளைக்கு மீந்தால் ஓவனில் மீண்டும் சுட வேண்டாம். எலும்பிலிருந்து பிய்த்து, அதே ஜேவில் பிசைந்து, புதினாவும் மீதமிருக்கும் அரிசிப்பொடியும் தூவி, அறைச்சூட்டில் சாப்பிடுங்கள்.